நடுவர் தீர்ப்பும் நீதிமன்ற மீளாய்வும்
அமெரிக்கப் பழங்குடி நிறுவனங்களின் தொழிற் பிணக்குகள் பற்றிய ஓர் ஆய்வு

மக்கள் கூடித் தொழில் செய்யும் இடத்திற் பிணக்குத் தோன்றுதல் இயல்பு. வேலை கொள்வோர் ஒன்று கூற, வேலை செய்வோர் பிறிதொன்று கூற, இருவர் கூற்றையுங் கேட்டு முடிவு சொல்லும் மூன்றாமவர் ஒருவர் வேண்டப்படுகின்றார். அம்மூன்றாமவர் அரசினால் நியமிக்கப்பட்ட நீதிபதியாயின் அவர்முன் நிகழ்வது வழக்கு. இரு திறத்தாரும் தாமே உடன்பட்டுத் தேர்ந்துகொண்ட ஒருவராயின் அவர்முன் நிகழ்வது நடுத்தீர்ப்பு. வழக்கு நெடுங்காலம் நீளும். பெரும் பொருளை விழுங்கும். நடுத்தீர்ப்போ விரைவும் எளிமையும் உடையது. எனினும், நடுவரிடம் ஏவலாளர் இல்லை, சிறைச்சாலையும் இல்லை. அவர் தீர்ப்பைத் தோற்றவர் ஏற்க மறுப்பாராயின், வென்றவர் நீதிமன்றத்தின் வாயிலிலேயே சென்று நிற்றல் வேண்டும். அங்ஙனம் நின்றவிடத்து நீதிமன்றம் செய்யற்பாலது யாது? நடுவர் நிறுத்த நிறையை மீண்டும் நிறுத்துப் பார்த்தலா? அன்றி, அவர் கூறியதை நிறைவேற்றிக் கொடுத்தலா?

இவ்வினா பல நாடுகளிலும் எழுவதே. ஆயின், அமெரிக்க ஐக்கிய நாடுகளில், வேலை கொள்வோராக நிற்பது ஒரு பழங்குடியாயின், இவ்வினா இருமடங்கு கடினமுடையதாகின்றது. ஏனெனில், அப்பழங்குடி ஒரு முதலாளி மட்டுமன்று. தனக்கென இறைமையுடைய ஓர் அரசுமாகும். தொழிலாளியின் குறை தீர்தல் ஒருபுறம், ஒரு சிறு மக்களினத்தின் தன்னாட்சி மற்றொருபுறம் என இரண்டு நியாயங்கள் ஈண்டு எதிரெதிர் நிற்கின்றன. இவ்விரண்டையும் அந்நாட்டு நீதிமன்றங்கள் எவ்வாறு இணக்க முயன்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழங்குடிகளின் தனிநிலை

ஐரோப்பியர் வருமுன்னரே தமக்கெனத் தலைவரும் வழக்காறும் உடையராய் வட அமெரிக்க மண்ணில் வாழ்ந்த மக்களின் வழிவந்தோரே அந்நாட்டுப் பழங்குடியினர். சமஷ்டி அரசினால் ஏற்றுக்கொள்ளப்பட்ட பழங்குடிகள் ஐந்நூற்றுக்கு மேற்பட்டன. 1831 ஆம் ஆண்டில் செறோக்கி மக்கள் யோர்ஜியா மாநிலத்துக்கு எதிராகக் கொணர்ந்த வழக்கில், உயர் நீதிமன்றத்தின் பிரதம நீதியரசர் ஜோன் மார்ஷல், பழங்குடிகள் அயல்நாட்டரசுகளும் அல்ல, மாநிலங்களும் அல்ல, உள்நாட்டிற் சார்ந்து நிற்கும் தேசங்கள் என வகுத்துரைத்தார். அடுத்த ஆண்டில் வந்த வேறொரு வழக்கில், செறோக்கி நிலத்தினுள் யோர்ஜியாவின் சட்டம் செல்லாது எனவும் தீர்ப்பாயிற்று.

இறைமையுடைய அரசை அதன் சம்மதமின்றி வழக்கிற்கு இழுத்தல் ஆகாது என்பது பழையதொரு சட்டநெறி. இக்காப்பு பழங்குடிகளுக்கும் உரியதாயிற்று. 1998 இல் கயோவா பழங்குடியின் வழக்கில், பழங்குடி தன் நிலத்துக்கு வெளியே செய்துகொண்ட வணிக ஒப்பந்தத்திற்கூட இவ்விறைமைக் காப்பு நிலைபெறும் என உயர் நீதிமன்றம் கூறிற்று. இக்காப்பை நீக்க வல்லோர் இருவரே. ஒருவர், நாட்டின் சட்டமன்றமாகிய காங்கிரஸ். மற்றவர், காப்பிற்குரிய அப்பழங்குடி. எவர் நீக்கினும், நீக்கும் சொற்கள் ஐயத்துக்கு இடமின்றித் தெளிவுற அமைதல் வேண்டும்.

வேலை கொள்வோராகிய பழங்குடி

நெடுங்காலம் வறுமையில் உழன்ற பழங்குடிகள் சில, சூதாட்ட மனைகளை நடத்திப் பொருளீட்டத் தலைப்பட்டன. கலிபோர்ணியா மாநிலம் இதனைத் தடுக்க முயன்றபோது, 1987 இல் கபசோன் வழக்கில் உயர் நீதிமன்றம் பழங்குடிகளின் பக்கமே தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டிற் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றி, பெருஞ் சூதாட்ட மனைகளை நடத்த விரும்பும் பழங்குடி அவ்வம் மாநிலத்தோடு உடன்படிக்கை செய்துகொள்ளல் வேண்டுமென விதித்தது. அதன் பின்னர்ச் சூதாட்ட மனைகளும், அவற்றைச் சார்ந்த தங்குவிடுதிகளும் உணவகங்களும் பெருகின. அவற்றில் வேலைக்கமர்ந்தோர் பலர் அப்பழங்குடியைச் சேராத வெளியார். அப்பழங்குடியின் ஆட்சியில் அவர்களுக்கு வாக்குரிமையில்லை. அதன் நிலத்தில் உழைப்பு மட்டுமே உண்டு.

இத்தொழிலாளரின் சட்டநிலை யாது? வேலையிற் பாரபட்சம் காட்டுதலைத் தடுக்கும் 1964 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் ஏழாம் அதிகாரம், வேலை கொள்வோர் என்னுஞ் சொல்லின் வரைவிலக்கணத்திலிருந்து பழங்குடிகளை வெளிப்படையாகவே விலக்கிற்று. உடற்குறையுடையோர்க்குப் பாதுகாப்பளிக்கும் 1990 ஆம் ஆண்டுச் சட்டமும், வேலைவாய்ப்புப் பற்றிய பகுதியில் அவ்வாறே செய்தது. தொழிற்சங்க உரிமை பற்றிய 1935 ஆம் ஆண்டுச் சட்டமோ பழங்குடிகளைப் பற்றி யாதும் கூறவில்லை. அச்சட்டத்தைச் செலுத்தும் தேசிய தொழிலுறவுச் சபை, பழங்குடி தன் நிலத்தில் நடத்தும் நிறுவனத்துக்கு அச்சட்டம் செல்லாது என்றே முன்னர்க் கொண்டிருந்தது. 2004 இல், சான் மனுவேல் பழங்குடியின் சூதாட்ட மனை பற்றிய பிணக்கில் அது தன் கொள்கையை மாற்றிக்கொண்டது. 2007 இல் வாஷிங்டன் நகரிலுள்ள மேன்முறையீட்டு மன்றம் அம்மாற்றத்தை ஏற்றது. ஆயினும், 2015 இல் சிக்கசோ மக்களின் பிணக்கில், பழைய உடன்படிக்கையொன்று அவர்களது தன்னாட்சியைக் காப்பதைக் கருதி, அச்சபையே நியாயாதிக்கம் செலுத்தாது ஒதுங்கிக்கொண்டது. ஆகவே, எந்தப் பழங்குடிக்கு எந்தச் சட்டம் செல்லும் என்பது இடத்துக்கிடம் வேறுபடுவதாயிற்று.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்கலாம். பழங்குடியொன்றின் தங்குவிடுதியில் அறைகளைத் துப்புரவு செய்யும் பெண்ணொருத்தி தக்க காரணமின்றி நீக்கப்பட்டாள் எனக் கொள்வோம். பாரபட்சம் எனக் கூறி 1964 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுப்பாளாயின், பழங்குடி அச்சட்டத்துக்கு உட்பட்டதன்று என விடை வரும். மாநில நீதிமன்றத்தில் ஒப்பந்த மீறல் எனக் கூறுவாளாயின், இறைமைக் காப்பு எதிர்வந்து நிற்கும். எஞ்சியுள்ள கதவுகள் பெரும்பாலும் இரண்டே: ஒன்று, அப்பழங்குடியின் சொந்த நீதிமன்றம்; மற்றொன்று, கூட்டு ஒப்பந்தத்தில் வாக்களிக்கப்பட்ட நடுத்தீர்ப்பு. பிறர்க்கு நடுத்தீர்ப்பு பல வழிகளுள் ஒன்று. இவளுக்கோ அஃது ஏறக்குறைய ஒரே வழி. அவ்வழியிற் பெற்ற தீர்ப்பு நிறைவேறாதாயின், அவள் கையில் எஞ்சுவது வெறுங் கடதாசியே.

கலிபோர்ணியாவிற் கண்ட ஏற்பாடு

1999 இல் கலிபோர்ணியா மாநிலத்தோடு பழங்குடிகள் பல செய்துகொண்ட சூதாட்ட உடன்படிக்கைகள் இச்சிக்கலுக்கு ஒரு வழி கண்டன. இருநூற்றைம்பது பேரோ அதற்கு மேற்பட்டோரோ சூதாட்டத் தொழிலில் வேலைசெய்யும் இடங்களில், பழங்குடி தானே ஒரு தொழிலுறவுக் கட்டளைச் சட்டத்தை இயற்றிக்கொள்ளல் வேண்டும் என்பது அவ்வுடன்படிக்கையின் ஒரு நிபந்தனை. அச்சட்டம் மாநிலத்தின் சட்டமன்று, பழங்குடியின் சட்டமே என்பது கருதத்தக்கது. தொழிலாளருள் நூற்றுக்கு முப்பது பேர் ஒப்பமிட்டுக் கேட்பின் இரகசிய வாக்கெடுப்பு நடைபெறும். பிணக்கு எழுமாயின் மூன்று படிகளில் அது தீர்க்கப்படும். முதற்படி, பழங்குடி தானே குறித்த ஒரு மன்று. இரண்டாம் படி, பழங்குடிகளுக்குப் பொதுவாக அமைந்த நடுவர் குழுவின் தீர்ப்பு. மூன்றாம் படியிலேயே நீதிமன்றம் வருகின்றது.

அம்மூன்றாம் படியின் அமைப்பு நுணுக்கமானது. நடுத்தீர்ப்புக்கு வருமாறு எதிர்த்திறத்தாரைக் கட்டாயப்படுத்தவோ, வழங்கப்பட்ட தீர்ப்பை உறுதிசெய்யவோ முதலிற் பழங்குடி நீதிமன்றத்தையே அணுகல் வேண்டும். அங்கிருந்து சமஷ்டி நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு உண்டு. பழங்குடிக்கு நீதிமன்றம் இல்லையாயின், அல்லது தொண்ணூறு நாள்களுள் அது தீர்ப்பளிக்காதாயின், நேரே சமஷ்டி நீதிமன்றம் செல்லலாம். சமஷ்டி நீதிமன்றம் தனக்கு நியாயாதிக்கம் இல்லையெனக் கூறுமாயின், அவ்வொரு தேவைக்கு மட்டும் பழங்குடி தன் காப்பைத் துறந்து மாநில நீதிமன்றத்துக்கு வர உடன்படுகின்றது. நடுவர் குழு தன் அதிகாரத்தைக் கடந்ததா என்னும் வினாவை எழுப்பும் உரிமை இரு திறத்தார்க்கும் உண்டு. தீர்ப்பு நன்றோ தீதோ என்னும் வினா அங்கே குறிக்கப்படவில்லை. இவ்வேறுபாட்டிலேயே முழுப் பொருளும் அடங்கியுள்ளது.

முதலாம் வினா: பழங்குடியை மன்றுக்கு அழைக்கலாமா?

நடுவர் தீர்ப்பை நீதிமன்றம் நோக்குமுன், நோக்குதற்கு உரிமை உண்டா என்பது தீர்தல் வேண்டும். இவ்வினாவுக்கு விடை தந்தது தொழிற் பிணக்கன்று. ஒரு கூரைவேலை பற்றிய பிணக்கு. ஒக்லகோமா மாநிலத்தில், தன் காப்புநிலத்துக்கு வெளியேயிருந்த கட்டிடமொன்றுக்குக் கூரை அமைக்கப் பொட்டவாட்டமி பழங்குடி ஓர் ஒப்பந்தகாரரோடு உடன்பட்டது. பிணக்கு எழுமாயின் நடுத்தீர்ப்பாற் தீர்த்தல் வேண்டும் எனவும், தீர்ப்பை நியாயாதிக்கமுடைய நீதிமன்றம் எதிலும் நிறைவேற்றலாம் எனவும் ஒப்பந்தம் கூறிற்று. ஒப்பந்தப் பத்திரத்தை முன்வைத்ததும் பழங்குடியே. பின்னர்ப் பழங்குடி வேறொருவரைக் கொண்டு வேறுவகைக் கூரை அமைத்தது. நடுவர், ஒப்பந்தகாரருக்கு 25,400 டொலர் இழப்பீடும் செலவும் கொடுக்குமாறு தீர்ப்பளித்தார். பழங்குடி இறைமைக் காப்பை எடுத்துக்காட்டிற்று.

2001 இல் உயர் நீதிமன்றம் ஒருமித்த முடிபாக, அத்தகைய ஒப்பந்த வாசகமே காப்பைத் தெளிவாகத் துறந்ததாகும் என்றது. காப்பைத் துறக்கின்றோம் என்னும் அச்சொற்களையே எழுதுதல் கட்டாயமன்று. நடுவருக்குக் கட்டுப்படுவோம், நீதிமன்றம் அதை நிறைவேற்றட்டும் எனக் கூறுதலே போதும். ஓர் அரசு தான் விரும்பிக் கொடுத்த வாக்கை அதன்மேற் சாட்டுதல் அவ்வரசின் இறைமையைக் குறைப்பதன்று என்பதே இத்தீர்ப்பின் உட்கருத்தெனலாம். வாக்களிக்கும் ஆற்றலும் இறைமையின் ஒரு கூறன்றோ?

இரண்டாம் வினா: எவ்வளவு ஆழம் நோக்கலாம்?

வாயில் திறந்தபின் எழுவது ஆழம் பற்றிய வினா. இதற்கு அடிப்படை 1960 ஆம் ஆண்டில் இடப்பட்டது. அவ்வாண்டு உருக்குத் தொழிலாளர் சங்கத்தின் மூன்று வழக்குகளில் ஒருங்கே தீர்ப்பளித்த உயர் நீதிமன்றம், கூட்டு ஒப்பந்தத்துக்குப் பொருள் காணும் உரிமையை இரு திறத்தாரும் நடுவருக்கே கொடுத்துள்ளனர் என்றது. நடுவர் தீர்ப்பு ஒப்பந்தத்திலிருந்து தன் சாரத்தைப் பெறுவதாயின் அது நிலைக்கும்; ஒப்பந்தத்தை விட்டு நடுவர் தம் சொந்த நீதியை வழங்குவாராயின் நிலைக்காது.

இவ்விதியின் வன்மை பின்வந்த வழக்குகளிற் புலனாயிற்று. 1987 இல் முடிந்த வழக்கொன்றில், கஞ்சா தொடர்பாக நீக்கப்பட்ட இயந்திரத் தொழிலாளி ஒருவரை மீண்டும் வேலைக்கமர்த்துமாறு நடுவர் பணித்திருந்தார். கீழ்மன்றங்கள் அதைப் பொதுநலத்துக்கு மாறெனக் கூறித் தள்ளின. உயர் நீதிமன்றமோ, நடுவர் பெரும் பிழை செய்தார் என நீதிபதி நம்பினாலும் அஃதொன்றே தீர்ப்பைத் தள்ளப் போதாது எனக் கூறி, நடுவர் தீர்ப்பை நிலைநாட்டிற்று. 2000 ஆம் ஆண்டில், போதைப்பொருட் சோதனையில் இருமுறை அகப்பட்ட பாரவண்டிச் சாரதி ஒருவரை நிபந்தனைகளோடு மீண்டும் அமர்த்திய தீர்ப்பும் அவ்வாறே நிலைபெற்றது. பொதுநலம் என்னும் பெயரால் ஒரு தீர்ப்பைத் தள்ளுவதாயின், அப்பொதுநலம் சட்டங்களில் வெளிப்படையாகவும் வரையறுத்தும் கூறப்பட்டதாதல் வேண்டும். நீதிபதியின் உள்ளத்திற் தோன்றும் நன்மை தீமை அளவுகோலாகாது.

கூட்டு ஒப்பந்தம் அல்லாத பிற ஒப்பந்தங்களுக்கு 1925 ஆம் ஆண்டுச் சமஷ்டி நடுத்தீர்ப்புச் சட்டம் வழிகாட்டுகின்றது. தீர்ப்பைத் தள்ள அது கூறும் காரணங்கள் நான்கு: தீர்ப்பு ஊழலாலோ வஞ்சனையாலோ பெறப்பட்டமை, நடுவர் வெளிப்படையாகப் பக்கஞ் சார்ந்தமை, தக்க சான்றைக் கேட்க மறுத்தல் போன்ற முறைகேடு, அதிகாரத்தைக் கடந்தமை. இந்நான்கும் நடுவரின் ஒழுக்கத்தையும் எல்லையையும் பற்றியன. சட்டத்தைப் பிழையாக விளங்கினார் என்பதோ, சாட்சியைப் பிழையாக மதித்தார் என்பதோ அவற்றுள் இல்லை. 2008 இல், ஹோல் ஸ்ரீற் என்னும் நிறுவனத்தின் வழக்கில், இக்காரணங்களை ஒப்பந்தத்தினாற் கூட்டவும் இயலாது என உயர் நீதிமன்றம் முடிவு செய்தது.

இம்முடிவு பழங்குடி ஒன்றை எவ்வாறு தாக்கிற்று என்பது அறியத்தக்கது. கூரை வழக்கிற் கண்ட அதே பொட்டவாட்டமி மக்கள் ஒக்லகோமா மாநிலத்தோடு செய்த உடன்படிக்கையில், நடுவர் தீர்ப்பைச் சமஷ்டி நீதிமன்றம் அடிமுதல் புதிதாக ஆராயலாம் என்னும் வாசகம் இருந்தது. விற்பனை வரியும் மதுவிற்பனை அனுமதியும் பற்றிய பிணக்கில் நடுவர் பழங்குடிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 2018 இல் பத்தாஞ் சுற்று மேன்முறையீட்டு மன்றம், புதிதாக ஆராயும் வாசகம் செல்லாது என்றது. அவ்வாசகத்தை நம்பியே இரு திறத்தாரும் நடுத்தீர்ப்புக்குக் கட்டுப்பட்டனராதலின், நடுத்தீர்ப்பு வாசகமும் உடன் வீழும் எனக் கூறித் தீர்ப்பையே தள்ளிவிடப் பணித்தது. பழங்குடி வென்ற வழக்கு, காவலாக எழுதிவைத்த வாசகத்தாலேயே கைநழுவிற்று. இது தொழிற் பிணக்கன்றாயினும், அளவுக்கு மிஞ்சிய மீளாய்வை விரும்பி எழுதுவோர்க்கு ஓர் எச்சரிக்கையாகும்.

எந்த மன்று முதலில்?

மீளாய்வு குறுகியதாயினும் அதை எவர் செய்வது என்பது பழங்குடிகளுக்கு மானப் பிரச்சினை. 1985 இலும் 1987 இலும் வந்த இரு தீர்ப்புகளில், பழங்குடி நீதிமன்றத்தின் நியாயாதிக்கம் பற்றிய வினாவை முதலில் அந்நீதிமன்றமே ஆராய இடமளித்தல் வேண்டும் என உயர் நீதிமன்றம் கூறிற்று. கலிபோர்ணியக் கட்டளைச் சட்டம் பழங்குடி நீதிமன்றத்தை முன்னிறுத்தியது இந்நெறிக்கு இயைந்ததே. அது மாநில நீதிமன்றத்தையும் இறுதியிற் குறித்துவைத்ததன் பயன் பின்னர் விளங்கிற்று. வேலைநீக்கம் பற்றிய நடுவர் தீர்ப்பொன்று தொடர்பாக 2022 இல் உயர் நீதிமன்றம், 1925 ஆம் ஆண்டுச் சட்டம் மட்டும் சமஷ்டி நீதிமன்றத்துக்கு நியாயாதிக்கம் தராது. தீர்ப்பை உறுதிசெய்யவோ தள்ளவோ கேட்கும் மனுவின் முகத்திலேயே வேறு நியாயாதிக்கக் காரணம் விளங்குதல் வேண்டும் என்றது. இத்தகைய தடை நேருமென முன்னறிந்தாற்போல அக்கட்டளைச் சட்டம் மாற்றுவழி வகுத்திருந்தது.

அதே ஆண்டில், கலிபோர்ணியாவின் சிக்குவான் பழங்குடிக்கும் விடுதித் தொழிலாளர் சங்கமொன்றுக்கும் இடையிலான வழக்கு ஒன்பதாஞ் சுற்று மேன்முறையீட்டு மன்றத்தில் முடிந்தது. வேலைநிறுத்தமும் மறியலும் செய்யோம் எனச் சங்கம் வாக்களித்தால், சங்கம் அமைப்பதிற் பழங்குடி நடுநிலை வகித்தல் வேண்டும் என்பது அங்குள்ள விதி. அவ்விதி மீறப்பட்டதெனச் சங்கம் நடுத்தீர்ப்புக் கேட்டது. சமஷ்டித் தொழிற் சட்டத்தின் முன் அவ்விதியே செல்லாது எனப் பழங்குடி மறுத்தது. செல்லுமா செல்லாதா என்பதையும் நடுவரே முதலில் ஆராய்க எனக் கூறி, நீதிமன்றம் பிணக்கை நடுவரிடமே அனுப்பிற்று.

இருபுறத்துக் குறைகளும்

இந்நெறியைக் குறைகூறுவோர் இருபுறமும் உளர். தவறான தீர்ப்பினால் வேலையிழந்தவர் எங்கே முறையிடுவார் எனத் தொழிலாளர் பக்கத்தார் வினவுவர். நம் வழக்காறு அறியாத வெளியூர் நடுவர் நம் சட்டத்துக்குப் பொருள் காண்பதா எனப் பழங்குடிப் பக்கத்தார் வினவுவர். இரண்டும் புறக்கணிக்கத்தக்கன அல்ல. ஆயின், இக்குறைகளுக்கு மருந்து விரிந்த மீளாய்வன்று. நீதிமன்றம் ஒவ்வொரு தீர்ப்பையும் அடிமுதல் ஆராயுமாயின், துப்புரவுத் தொழிலாளியின் வழக்கு பல்லாண்டு நீளும். பழங்குடியின் உள்விவகாரமும் வெளிநீதிபதியின் மேசைமேல் விரிக்கப்படும். ஆகவே, குறுகிய மீளாய்வு தொழிலாளிக்கு விரைவையும் பழங்குடிக்குத் தன்மதிப்பையும் ஒருங்கே காக்கின்றது. அதன் விலையாக, பிழையான தீர்ப்பையுஞ் சிலவேளை இருவரும் பொறுத்தல் வேண்டும்.

உண்மையான மருந்து தீர்ப்புக்கு முன்னே உள்ளது. நடுவரைத் தேர்வதில் இரு திறத்தார்க்கும் ஒத்த பங்கு இருத்தல், அவர் முன்வைக்கப்படும் வினாவைத் தெளிவாக எழுதுதல், பழங்குடியின் வழக்காறு எங்கே செல்லும் என ஒப்பந்தத்திலேயே குறித்தல், காரணங்களை எழுத்திற் தரவேண்டுதல் என்பன அம்மருந்தின் கூறுகள். அன்றியும், பழங்குடி தன் சொந்த மன்றுகளை வலிமையுடையனவாக்குதல் சிறந்தது. நவஹோ மக்கள் 1985 இல் இயற்றிய வேலைவாய்ப்புச் சட்டம், தக்க காரணமின்றி ஒருவரை நீக்கலாகாது என விதித்து, முறைப்பாட்டை அவர்களுடைய தொழில் ஆணைக்குழுவே கேட்டுத் தீர்ப்பளிக்கவும், அதன்மேல் நவஹோ உயர் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யவும் வகைசெய்தது. அங்கே தொழிலாளி நியாயம் பெறுதற்கு வெளியரசின் வாயிலை நாடவேண்டியதில்லை. அந்நியாயத்தை வழங்குவதே அம்மக்களின் இறைமைக்குச் சான்றாகின்றது.

இதுகாறுங் கூறியவற்றால், பழங்குடிகளின் தொழிற் பிணக்குகளில் நீதிமன்றம் நடுவருக்கு மேலான நடுவர் அல்லர் என்பது பெறப்படும். கொடுத்த வாக்கு கொடுத்த எல்லையினுள் நிறைவேறுகின்றதா என்று காத்து நிற்பதே அதன் பணி. எல்லைக்கு உள்ளே நடுவர் சொல் இறுதியானது. எல்லைக்கு அப்பால் அவர்க்குச் சொல்லே இல்லை. அவ்வெல்லையை வரையும் எழுதுகோல் ஒப்பந்தம் எழுதும் நாளில் இரு திறத்தார் கையிலுமே உள்ளது. அந்நாளிற் செலுத்தும் கவனமே, பின்னர் ஒருநாள் வேலையிழந்து நிற்கும் எளியவர்க்கும், தம் ஆட்சியைக் காக்க விழையும் சிறுகுடிக்கும் ஒருங்கே அரணாவதாகும்.